ஆர்சி கார் ஒரு பக்கமாவே இழுக்குதா? சர்வோ மாட்டும்போது நடக்கும் தப்பு இதுதான்!

ஞாயிறு காலை, செங்கல்பட்டில் இருந்து வண்டியைக் கிளப்பி, மாமல்லபுரம் பக்கம் கடற்கரை மணலில் ஆர்சி காரை இறக்குகிறீர்கள். நேராகப் போகச் சொன்னால் இடது பக்கம் இழுக்கிறது. வலது பக்கம் திருப்பினால் ‘க்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் ஸ்டியரிங்கே வேலை செய்யவில்லை. “சர்வோ டம்மி பீஸ் போல” என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன், மாட்டிய விதத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சர்வோ என்ன செய்கிறது?

சின்ன மோட்டார், பல் சக்கரங்கள், கோணத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர், ஒரு சர்க்யூட். சாதாரண சர்வோவுக்குள் இவ்வளவுதான். ரிசீவர் சுமார் 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பை அனுப்பும். துடிப்பின் நீளம் 1.5 மில்லி விநாடி என்றால் ‘நடுவில் நில்’ என்று அர்த்தம். 1 பக்கம் குறைந்தால் ஒரு திசை, 2 பக்கம் கூடினால் எதிர்த்திசை. சொன்ன கோணம் வரும்வரை மோட்டார் விடாது. சிக்கலே அங்கேதான்.

எங்கே சொதப்புது?

சர்வோவின் தண்டில் மாட்டும் சின்னக் கைக்குப் பெயர் ‘ஹார்ன்’. சர்வோ நடுவில் இருக்கிறதா என்று பார்க்காமலே பலரும் இதை மாட்டிவிடுகிறார்கள். விளைவு, ஒரு பக்கம் சக்கரம் முழுசாகத் திரும்பி முட்டிய பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டே இருக்கும். மோட்டார் சுற்ற முடியாமல் நிற்கும்போதுதான் அதிக கரன்ட் இழுக்கும். அந்தச் சூட்டில் சர்வோ எரியலாம். மின்னழுத்தம் சரிந்தால் ரிசீவரும் ஆஃப் ஆகலாம். வேகமாக ஓடும் காரில் அப்படி நடந்தால், பக்கத்தில் விளையாடும் குழந்தையின் காலுக்கும் ஆபத்து.

சரியாக மாட்டுவது எப்படி?

1. காரை ஒரு டப்பா மேல் வையுங்கள். சக்கரம் எதுவும் தரையில் படக்கூடாது. ரிமோட்டில் ஸ்டியரிங் ட்ரிம், சப்-ட்ரிம் இரண்டும் 0.

2. ஹார்ன் இல்லாமல் சர்வோவை ரிசீவரில் செருகுங்கள். பழுப்பு அல்லது கறுப்பு ஒயர் நெகட்டிவ், சிவப்பு பாசிட்டிவ், மற்றது சிக்னல். முதலில் ரிமோட், பிறகு கார் என்று ஆன் செய்தால் சர்வோ தானே நடுவுக்கு வந்து நிற்கும். அணைக்கும்போது முதலில் கார், பிறகு ரிமோட். இதன் பிறகு தண்டைக் கையால் திருப்பவே கூடாது.

3. ஸ்டியரிங் கம்பிக்குச் செங்குத்தாக நிற்கும்படி ஹார்னை மாட்டுங்கள். தண்டில் 25 பல் இருந்தால், ஒரு பல் தள்ளி மாட்டினாலே 14.4 டிகிரி வித்தியாசம் வரும். மிச்சமிருக்கும் சின்னக் கோணலை சப்-ட்ரிம்மில் சரிசெய்யலாம். 23, 24 பல் சர்வோக்களும் உண்டு; பொருந்தாத ஹார்னை அழுத்தித் திணித்தால் பல் போய்விடும்.

4. கம்பியின் நீளத்தை மாற்றி சக்கரங்களை நேராக்குங்கள். கடைசியாக, ரிமோட்டின் ‘எண்ட் பாயின்ட்’ செட்டிங்கில், சக்கரம் முட்டுவதற்குச் சற்று முன்பே சர்வோ நிற்கும்படி வையுங்கள். இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனியாக. முழுசாகத் திருப்பிப் பிடித்தும் ‘க்ர்ர்’ சத்தம் இல்லையா? வேலை முடிந்தது.

எந்த சர்வோ வாங்கலாம்?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சுலபமாகக் கிடைக்கும் 9 கிராம் எஸ்ஜி90 சர்வோவின் திறன் 4.8 வோல்ட்டில் 1.8 கிலோ-செ.மீ. சின்ன ப்ராஜெக்ட்டுக்கு ஓகே. 1/10 அளவு காரை மணலில் ஓட்ட இது தாங்காது. உலோகப் பல் கொண்ட எம்ஜி996ஆர் ரகம் 9 கிலோ-செ.மீ.க்கு மேல் தரும். ஆனால் கரன்ட்டும் அதிகம் கேட்கும். ஈஎஸ்சி அதைத் தருமா என்று பார்த்து வாங்குங்கள்.

கடற்கரையில் ஓட்டுவதாக இருந்தால் தண்ணீர், தூசு புகாத சர்வோ நல்லது. உப்புக் காற்று கனெக்டரைப் பச்சையாக அரித்துவிடும். மணல் உள்ளே போனால் பல் தேயும். வீட்டுக்கு வந்ததும் பிரஷ்ஷால் மணலைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, காய வையுங்கள்.

பெரிய காரிலும் இதே கதைதான்

செங்கல்பட்டு மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் மஹிந்திரா ரிசர்ச் வேலி போன்ற ஆய்வு மையங்களில் நிஜ கார்களே உருவாகின்றன. இன்றைய கார்கள் பலவற்றில் ஸ்டியரிங் கோணத்தை அளக்க சென்சார் உண்டு. வீல் அலைன்மென்ட் செய்த பிறகு, ‘இதுதான் நடு’ என்று அந்த சென்சாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கும். ஷெல்ஃபில் நிற்கும் காரோ, ஜிஎஸ்டி ரோட்டில் ஓடும் காரோ, முதலில் நடுவைப் பிடிக்கணும். ஸ்க்ரூவை அப்புறம் முடுக்கிக்கலாம்.