ஹைவேயில் ஒரு கடலை!

'ஜி.எஸ்.டி.'ன்னு சொன்னதும் ஹோட்டல் பில்தான் ஞாபகத்துக்கு வருதா? நான் சொல்றது வரி இல்லீங்க... ரோடு! கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. சென்னையில கிளம்பி விழுப்புரம், பெரம்பலூர் வழியா திருச்சியைப் பிடிக்கிற, வெள்ளைக்காரன் காலத்துப் பெருஞ்சாலை. ரொம்ப வருஷம் என்.ஹெச்.45-ன்னு கூப்பிட்டோம். 2010-ல நாடு முழுக்க நம்பர் மாத்தினாங்க. எங்க பெரம்பலூர் பக்கம் ஓடுற பகுதிக்கு இப்போ என்.ஹெச்.38-ன்னு பேரு.

நீங்களும் இதுல போயிருப்பீங்க. செமஸ்டர் லீவுக்கு நைட் பஸ் ஏறி, ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடினா... டோல்கேட் வெளிச்சத்துல ஒரு தடவை முழிப்பு, அப்புறம் நேரா திருச்சி. நடுவுல பெரம்பலூர்னு ஒரு ஊர் போச்சே, பார்த்தீங்களா?

அமெரிக்காவுல 'ரூட் 66'னு ஒரு ரோடு. 1926-ல ஆரம்பிச்சது. சிகாகோவுல இருந்து சான்டா மோனிகா வரைக்கும் ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர். 1985-லயே அதை நெடுஞ்சாலைப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. ஆனாலும் ஜோடி ஜோடியா இன்னும் அதைத் தேடிப் போறாங்க. 'நம்ம ரோட்டுக்கு என்ன குறைச்சல்?'னு ஒரு ஜோடியைக் கிளப்பி விட்டேன்.

ஜோடி யாருன்னு கேக்குறீங்களா? எங்க அப்பா, அம்மாதான்!

அப்பா லாரி டிரைவர். இருபது வருஷம் அரியலூர்ல சிமென்ட் ஏத்தி, இந்த ரோட்டுலதான் ஓட்டினார். இப்போ ரிட்டயர்டு. அம்மாவுக்கு அந்த ரோடுன்னா, ராத்திரி வர்ற போன் மட்டும்தான். 'விழுப்புரம் தாண்டிட்டேன்', 'பெரம்பலூர் வந்துட்டேன்'... அவ்வளவுதான். கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம். ரெண்டு பேரும் சேர்ந்து ஊர் சுத்தினதே இல்லை. 'இந்த வயசுல எதுக்குடா?'ன்னு இழுத்தவங்களை ஒரு வெள்ளிக்கிழமை காலைல அப்பாவோட ஸ்ப்ளெண்டர்ல ஏத்தி விட்டுட்டேன். நான்? பின்னாடியே ஃப்ரெண்டோட பைக்ல. போட்டோ எடுக்க ஆள் வேணாமா பாஸ்!

அரியலூர்ல இருந்து பெரம்பலூர். அங்கேயிருந்து வடக்கே திரும்பினா நம்ம ஹைவே. ரெண்டு பக்கமும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். முதல் ஸ்டாப் வாலிகண்டபுரம். ராமாயண வாலி வந்து கும்பிட்டதா சொல்ற சோழர் காலத்து சிவன் கோயில். 1751-ல இந்த ஊர்ப் பக்கம்தான் சந்தா சாகிப்பும் முகமது அலியும் மோதினாங்க. ஒருத்தருக்குப் பின்னாடி பிரெஞ்சுக்காரன், இன்னொருத்தருக்குப் பின்னாடி இங்கிலீஷ்காரன். திருச்சி யாருக்குங்கிறதுதான் சண்டை. அதாவது, இந்த வழிக்கு அப்பவே டிராஃபிக் ஜாஸ்தி!

அடுத்து ரஞ்சன்குடி கோட்டை. ஆற்காடு நவாபுக்குக் கீழ இருந்த ஜாகீர்தார் கட்டினது, 17-ம் நூற்றாண்டு. அகழியைத் தாண்டி, மூச்சு வாங்க மேல ஏறினா, கீழே ரோடு பூரா தீப்பெட்டி சைஸ்ல லாரிங்க.

"டெய்லி அங்கிருந்து இந்தக் கோட்டையைப் பார்ப்பேன் புள்ள. ஒரு நாளும் நிறுத்தினதில்ல" - அப்பா.

"நிறுத்தினா என்னவாம்?" - அம்மா.

"லோடு லேட்டாயிடும்ல?"

அம்மா ஒண்ணும் சொல்லலை.

வண்டியைத் தெற்கே திருப்பி, பெரம்பலூர் தாண்டி சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். வெள்ளிக்கிழமையைப் பிடிச்சது அதுக்காகத்தான். இத்தனை வருஷமும் ரோட்டுல இருந்தே ஒரு கும்பிடு போட்டுட்டுப் போன அப்பா, அன்னிக்குத்தான் உள்ளே வந்தார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாங்க. "ஏங்க, அந்த இடத்தைக் காட்டுங்க."

எந்த இடம்னு எனக்குப் புரிஞ்சிடுச்சு. நான் அஞ்சாவது படிக்கிறப்போ, ஒரு விடியக்காலை அப்பா கண்ணசந்து லாரி சாஞ்சிடுச்சு. போன் உடைஞ்சதால ஒரு பகல் முழுக்க எங்களுக்குத் தகவலே இல்லை. 'சின்ன அடிதான்'னு சொல்லி முடிச்சுட்டார். அதுக்கப்புறம் வீட்டுல யாரும் அதைப் பேசினதில்லை.

பாடாலூருக்கு முன்னாடி ஓரமா நிறுத்தினார். ஒண்ணுமே இல்லை அங்கே. நடுவுல அரளிச் செடி, ஓரத்துல ஒரு வேப்பமரம். ரெண்டு ராத்திரி தூக்கமில்லாம ஓட்டினது, கேபினுக்குள்ள கால் மாட்டிக் கிடந்தது, எதிர்ல வந்த ஒரு டிரைவர் இழுத்துப் போட்டது... முதல் தடவையா அப்பா சொல்றார். 'எந்தப் பக்கமா விழுந்துச்சு?', 'எவ்ளோ நேரம் கெடந்தீங்க?'ன்னு அம்மா ஒண்ணொண்ணா கேட்டாங்க. அப்புறம் மரத்தடியில உக்காந்து புளிசோறு டப்பாவைத் திறந்தாங்க.

"பத்து வருஷமா இதைவிட மோசமாத்தான் நெனச்சிட்டிருந்தேன். சாப்பிடுங்க, மணி ரெண்டாச்சு."

நான் கேமராவை எடுக்கவே இல்லை.

பாடாலூர் பக்கம் ஹைவேயை விட்டுக் கிழக்கே திரும்பிப் போனா, சாத்தனூர். 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் படுத்திருக்கு. தொட்டா கல்லு! 1940-ல புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடிச்சது. வயசு சுமார் 12 கோடி வருஷம். அப்போ இந்தப் பக்கம் கடல். ஆத்தோட அடிச்சுட்டு வந்த மரம் சேத்துல புதைஞ்சு, மரத்தோட இடத்தை மெல்ல மெல்ல தாது நிரப்பி, கல்லாயிடுச்சு. பிறகும் பல கோடி வருஷம் கடல் இங்கே வந்து வந்து போச்சு. அந்தக் கடல் உயிரினங்களோட ஓடுங்க படிஞ்சதுதான் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல். அதை வெட்டித்தான் சிமென்ட். சிவில் மூணாம் வருஷம் படிக்கிற எனக்கு சிமென்ட் கிரேடு எல்லாம் மனப்பாடம். அது கடல்ல இருந்து வந்ததுங்கிறது இந்த டூருக்குப் படிக்கிறப்போதான் உறைச்சது!

இதை விளக்கினதும் அப்பா அசந்துட்டார். "அப்போ இருபது வருஷமா நான் ஏத்தினது கடலையா?"

அம்மா டக்குனு திரும்பினாங்க. "எனக்குத் தெரியாம இவ்ளோ கடலையா?!"

சீனியர்ஸ், நோட் பண்ணுங்க. ஹைவேயில கடலை போடுறது இப்படித்தான்! அடுத்த ட்ரிப் கங்கைகொண்ட சோழபுரமாம். நம்ம மாவட்டம்தான், ரெண்டு பேரும் பார்த்ததே இல்லை. இந்தத் தடவை நான் வரக் கூடாதுன்னு இப்பவே கண்டிஷன்!

கிளம்புறீங்களா?

* அரியலூர்-பெரம்பலூர்-ரஞ்சன்குடி-சிறுவாச்சூர்-சாத்தனூர்-அரியலூர்: ஒரே நாள்ல முடிக்கலாம்.
* வெயில் மண்டையைப் பிளக்கும். தண்ணீர், தொப்பி கட்டாயம். ரெண்டு பேருக்கும் ஹெல்மெட்.
* சாத்தனூர்ல கல்லைப் பேத்து 'சாவனீர்' எடுக்காதீங்க. 12 கோடி வருஷம் பத்திரமா இருந்தது உங்க ஷோகேஸுக்காக இல்லை.
* தூக்கம் வந்தா வண்டியை நிறுத்துங்க. லேட்டானா பரவாயில்லை. வீட்டுல ஒருத்தங்க போனையே பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க.