கோடு நேரானால் போதுமா?

மார்பு ஏறி இறங்குகிறது. கையைத் தொட்டால் சூடு. மானிட்டரில் துடிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டிலருகே நின்று 'மூளைச்சாவு' என்று டாக்டர் சொன்னால் எந்தத் தாய்க்கு மனசு ஒப்பும்? "மிஷின் வெச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்கத்தான் செய்வாள். நியாயமான கேள்வி.

அவள் மனதில் இருப்பது இ.இ.ஜி. தலையில் குறைந்தது 8 எலெக்ட்ரோடுகளை ஒட்டி அரை மணி நேரமாவது பதிவு செய்வார்கள். 2 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் மூளையின் மின்னலை எதுவும் தெரியக்கூடாது. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் இரண்டு கூறு! அத்தனை நுட்பமாகக் காதைத் தீட்டும்போது வென்டிலேட்டரின் அதிர்வு, சொட்டும் டிரிப்ஸ், பக்கத்தில் நடக்கும் நர்ஸ் எல்லாமே பதிவில் புகுந்துவிடும். 1970களில் கனடாவின் ஹாமில்டன் நகரில் ஏட்ரியன் அப்டன் என்ற நரம்பியல் மருத்துவர், எலுமிச்சை ஜெல்லியின் மேல் எலெக்ட்ரோடுகளை வைத்துப் பார்த்தார். கோடு நேராக வரவில்லை. உயிருள்ள மூளையைப் போல நெளிந்தது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மயக்க மருந்து மிகுந்தாலோ உடம்பு மிகவும் குளிர்ந்துவிட்டாலோ, மீளக்கூடிய மூளையும் நேர்க்கோடு காட்டும். 1968-இல் ஹார்வர்டு குழு மூளைச்சாவை வரையறுத்தபோதே இந்த இரண்டையும் விலக்கச் சொன்னது. தவிர, இ.இ.ஜி. மூளையின் மேற்பரப்பைத்தான் கேட்கிறது. மூச்சை ஆளும் மூளைத்தண்டு அதற்கு எட்டாது.

அதனால்தான் வேறொரு சோதனையும் வந்தது. மணிக்கட்டு நரம்பில் சிறு மின்தூண்டல் கொடுப்பார்கள். கை வழியே ஏறும் அலை கழுத்தில் பதிவாகும். மூளைச்சாவில் அதற்குமேல் ஒன்றும் வராது. மயக்க மருந்து இந்த அலையை அத்தனை சுலபமாக அழிப்பதில்லை.

ஜப்பானில் இ.இ.ஜி. கட்டாயம். நம் நாட்டின் 1994 உறுப்பு மாற்றுச் சட்டம் அதைக் கேட்கவில்லை. மருத்துவர் குழு 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். அமெரிக்காவின் 2023 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு இ.இ.ஜி.யைக் கைவிட்டு, தேவைப்பட்டால் மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கச் சொல்கிறது.

என்னைக் கேட்டால், சந்தேகப்படும் குடும்பத்திடம் காகிதக் கோட்டை நீட்டுவதைவிட, விருப்பமுள்ள உறவினர் ஒருவரை மூச்சுச் சோதனையின்போது அருகில் நிற்க விடலாம். வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, குழாய் வழியே ஆக்ஸிஜனை மட்டும் விடுவார்கள். ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 60 மி.மீ.யைத் தொடும்வரை காத்திருப்பார்கள். மூளைத்தண்டு பிழைத்திருந்தால் மூச்சை உந்தப் போதுமான அளவு அது. எல்லார் கண்ணும் மார்பின் மேல்தான். நிமிடங்கள் போகும். சற்றுமுன் ஏறி இறங்கிய மார்பு அசையாமல் கிடக்கும்.