புதிய காரில் பெரும் பழுது கண்டால்

சென்ற ஆண்டு தை மாதத்தில் பவானிப் பக்கத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தோம். ரொக்கப் புத்தகத்தையும் நூல் இருப்பையும் சரிபார்த்து முடித்து எழுந்த வேளையில், ஜமக்காளம் நெய்யும் அங்கத்தினர் ஒருவர் மஞ்சள் பை ஒன்றை இடுக்கிக்கொண்டு வாயிற்படியில் நின்றார். "ஐயா, இது சங்கத்துக் காரியம் அல்ல. ஆனால் காகிதம் பார்க்கத் தெரிந்தவர் என்று இங்கே வருகிறவர் தாங்கள் ஒருவர்தான்" என்று சொல்லிப் பையை மேஜைமேல் கவிழ்த்தார்.

அவருடைய மனைவிக்கு மாதம் இருமுறை கோயமுத்தூர் மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிலை. அதற்காகவே இரண்டு ஆண்டு மஞ்சள் விற்ற பணத்தோடு வங்கிக் கடனும் சேர்த்து, ரூ. 8 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட விலையில் புதிய கார் ஒன்று வாங்கியிருந்தார். வாங்கி எழுபது நாள்; ஓடியது 1,900 கிலோமீட்டர். எஞ்சின் கழற்றப்பட்டு வண்டி ஒர்க்ஷாப்பில் கிடந்தது. "வண்டி அங்கே நிற்கிறது, தவணை இங்கே ஓடுகிறது" என்றார். விற்ற டீலர் ரூ. 1,10,000 மதிப்பீடு ஒன்றைக் கொடுத்து, 'ஓட்டியவரின் கவனக்குறைவால் ஏற்பட்ட சேதம்; வாரண்டி பொருந்தாது' என்று கீழே எழுதியிருந்தார்.

பழுது இன்னதென்று முதலில் தெரிந்துகொள்வது நலம். எஞ்சினுக்குள் எரியும் எரிபொருளின் வெப்பத்தைத் தணிக்க, கூலண்ட் என்னும் திரவம் எஞ்சினைச் சுற்றிச் சென்று, ரேடியேட்டரில் குளிர்ந்து, மீண்டும் உள்ளே போகிறது. இது அடைபட்ட சுற்று. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப்போல் நாள்தோறும் குறைவதற்கு இதில் இடமில்லை. புதிய வண்டியில் கூலண்ட் கண்கூடாகக் குறைந்தால், எங்கோ ஒழுகுகிறது, அல்லது எஞ்சினுக்குள்ளேயே புகுந்து எரிகிறது என்றுதான் பொருள். எஞ்சினின் அடிப்பாகத்துக்கும் மேல்தலைக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு உண்டு. அதைக் கேஸ்கட் என்பர். அது பழுதானாலும், தலைப்பாகத்து வார்ப்பில் குறையிருந்தாலும் கூலண்ட் உள்ளே கசியும். அப்போது வெப்பங்காட்டும் முள் ஏறும். புகைக்குழாயில் வெண்புகை விடாமல் வரும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினால் எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்தில் தெரியக்கூடும். அலுமினியத்தாலான மேல்தலை அதிக வெப்பத்தில் கோணிக்கொள்ளும். கோணிய பிறகு சிறு பழுது பெரும் பழுதாகிவிடுகிறது.

ஆகவே முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். "இன்னும் 4 கிலோமீட்டர்தானே" என்று ஓட்டுவது எஞ்சினுக்கும் கேடு, வழக்குக்கும் கேடு. சூடு தணியாமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். அதையும் சொல்லி வைக்கிறோம்.

இவர் அவ்வாறு நிறுத்தியவர்தாம். திம்பம் மலைப்பாதையில் ஏறுகையில் முதன்முறை முள் உயர்ந்தபோதே நிறுத்தி, ஆறவிட்டு, மறுநாளே ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோயிருக்கிறார். அதன்பின் மேலும் இருமுறை போயிருக்கிறார். மூன்று முறையும் கூலண்டை நிரப்பி, "புது வண்டி, பழகினால் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டனர். நான்காம் முறை வண்டி இழுத்துச் செல்லப்பட்டது.

இதையெல்லாம் அவர் வாயால் சொன்னார். காகிதம் வேறு கதை சொல்லிற்று. வண்டியை ஒர்க்ஷாப்பில் விடும்போது அவர்கள் எழுதும் ஜாப் கார்டு மூன்றிலும் 'வழக்கமான பரிசோதனை' என்ற ஒரே வாசகம். முள் ஏறியது, கூலண்ட் குறைந்தது ஆகியவற்றைப் பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லை. மூன்றின் அடியிலும் 'வேலை திருப்திகரம்' என்ற கட்டத்துக்கு நேராக அவருடைய கையொப்பம் அழகாக இருந்தது. வண்டியை வெளியே எடுக்க வேண்டுமானால் இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றார்களாம், போட்டிருக்கிறார். நம் சங்கங்களில் நூல் சிட்டத்தை எடைபோட்டுப் பாராமல் இருப்புப் பதிவேட்டில் கையொப்பமிடும் இயக்குநர்களை நாம் எத்தனையோ முறை கடிந்துகொண்டதுண்டு. இவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை.

பையில் பெட்ரோல் ரசீதுகள், காப்பீட்டுக் காகிதம், மருந்துச் சீட்டுகள் எல்லாம் கலந்து கிடந்தன. காப்பீடு இதற்கு உதவாது. வாகனக் காப்பீட்டின் வழக்கமான நிபந்தனைகளில் இயந்திரப் பழுது விலக்கப்பட்டிருக்கிறது. விபத்து வேறு, பழுது வேறு. கற்றைக்குள் தேடியபோது சிறிய பில் ஒன்று அகப்பட்டது. இரண்டாம் முறை போனபோது 1 லிட்டர் கூலண்டுக்கென்று அவரிடம் தனியே பணம் வாங்கி, அதே ஒர்க்ஷாப் கொடுத்த பில் அது. தேதியும் இருந்தது, வண்டி ஓடிய கிலோமீட்டரும் இருந்தது: 1,140. புதிய வண்டியின் அடைபட்ட சுற்றில் 1 லிட்டர் கூலண்ட் எங்கே போயிற்று என்ற கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்கவேண்டியவர்கள் அவர்கள். எஞ்சின் கெடுவதற்கு மூன்று வாரம் முன்பே குறை அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது என்பதற்கு அவர்கள் கைப்படவே சாட்சி கிடைத்தது. ஜாப் கார்டு சொல்லாததை வசூல் சீட்டு சொல்லிற்று.

இந்தப் பில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். புதிய வண்டிப் பழுதில் வெற்றி தோல்வி பெரும்பாலும் நீதிமன்றத்தில் தீர்வதில்லை; ஒர்க்ஷாப் மேஜையில், முதல் சீட்டு எழுதப்படும்போதே பாதி தீர்ந்துவிடுகிறது. ஆதலால் குறையை நம் சொற்களிலேயே எழுதச் சொல்ல வேண்டும். 'எஞ்சின் சரியில்லை' என்றால் போதாது. 'மேட்டில் ஏறும்போது 1,140 கிலோமீட்டரில் வெப்ப முள் சிவப்புக்குப் போயிற்று. கூலண்ட் குறைந்திருந்தது' என்று இருக்க வேண்டும். எழுத மறுத்தால் அன்று மாலையே அந்த வாசகத்தை டீலருக்குக் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பிவிடலாம். வண்டியைத் திரும்பப் பெறும்போது, என்ன காரணம் கண்டார்கள், என்ன செய்தார்கள் என்று எழுதி வாங்கவேண்டும். குறை தீராமல் 'திருப்தி' என்று கையொப்பமிடலாகாது. அல்லது கையொப்பத்துக்கு மேலே 'ஓட்டிப் பார்த்தபின் தெரிவிக்கப்படும்' என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். எஞ்சினைத் திறப்பதாயிருந்தால் நம் முன்னிலையில் திறக்கவும், கழற்றிய பாகங்களை எறியாமல் வைத்திருக்கவும் எழுத்தில் கேட்க வேண்டும். பாகங்கள் போய்விட்டால் நிபுணர் வந்து எதைப் பார்ப்பார்?

சட்டம் இவ்விஷயத்தில் அங்கத்தினர்கள் எண்ணுவதைவிடச் சாதகமானது; ஆனால் ஆசைப்படும் அளவுக்கு அன்று. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, அத்தகைய சரக்கில் வியாபாரம் செய்பவரிடம் வாங்கும் பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்கவேண்டும் என்பது சொல்லாமலே அமைந்த நிபந்தனை. அது மீறப்பட்டால் பொருளை மறுத்துத் திருப்பலாம். எனினும் வாங்கியவர் மறுப்பதாகத் தெரிவிக்காமல் நியாயமான காலம் கடந்தும் வைத்துக்கொண்டால், ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படுவார். பிறகு நஷ்டஈடுதான் கேட்கலாம். நியாயமான காலம் இத்தனை நாள் என்ற கணக்குச் சட்டத்தில் இல்லை. ஆகையால் பெரும் பழுது கண்டவுடன், 'இவ்வண்டியை ஏற்க மறுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று ஒரு வாக்கியத்தை முதல் கடிதத்திலேயே சேர்ப்பது நன்று.

நம் அங்கத்தினர் கேட்டது வேறொன்றும் இல்லை: "இந்த வண்டியை எடுத்துக்கொண்டு வேறு வண்டி தரட்டும்." மிக நியாயமான ஆசை. ஆனால் 2006-ல் உச்சநீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், கிளட்சுக் குறையுள்ள புதிய காருக்குப் பதில் வேறு கார் தரவேண்டுமென்ற கீழ் உத்தரவு நிற்கவில்லை. பழுதான பாகத்தைச் செப்பனிடுவது அல்லது மாற்றித் தருவது என்பதே வாரண்டியின் வாக்குறுதி. கார் முழுவதையும் மாற்றித் தருவது அன்று என்று நீதிமன்றம் கூறி, ஈட்டுத்தொகை மட்டும் வழங்கிற்று. 2010-ல் மற்றொரு வழக்கில், சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் பார்த்து உற்பத்தியிலேயே குறை உண்டு என்று சொன்னால், வண்டி விலையையும் ஆயுள் வரியையும் நூற்றுக்கு 12 வட்டியோடு திருப்பித் தரவேண்டும் என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பிறவிக் குறை என்பதை நிபுணர் வாயால் நிலைநாட்டுகிறவருக்கே முழு விலை கிட்டும் என்பது விளங்கும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சோதித்தாலன்றி அறிய முடியாத குறையைத் தக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அறிக்கைக்கு 45 நாள் என்று கெடு. கட்டணத்தை முதலில் புகார்தாரர் கட்டவேண்டும்.

அவ்வாணையத்தில் புகார் கொடுக்கக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உள்ளது. 2021 டிசம்பர் முதல், கொடுத்த விலை ரூ. 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை; நாம் வசிக்கும் இடத்திலேயே கொடுக்கலாம். ரூ. 5 லட்சம் வரை கட்டணமில்லை. அதற்கு மேல் 10 லட்சம் வரை ரூ. 200. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதில்லை. அதற்கு முன்படியாக 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பார்க்கலாம்.

நாம் அவரைக்கொண்டு ஒரே கடிதம் எழுதச் செய்தோம். டீலருக்கும் உற்பத்தியாளருக்கும் தனித்தனிப் பிரதிகள், அஞ்சலில் ஒப்புகை பெறும்படி அனுப்பப்பட்டன. இருவருக்கும் ஏன் என்றால், விற்றவர் செய்ததற்கு உற்பத்தியாளர் தானாகவே பொறுப்பாளி ஆகிவிடுவதில்லை. பழைய மாடல் காரைப் புதிதென்று டீலர் விற்ற வழக்கொன்றில் 2021-ல் உச்சநீதிமன்றம் அவ்வாறே கூறியிருக்கிறது. கடிதத்தில் கோபச் சொல் ஒன்றும் இல்லை. தேதிகள், கிலோமீட்டர்கள், கூலண்ட் பில்லின் எண், 15 நாள் கெடு. அவ்வளவே.

பன்னிரண்டாம் நாள் உற்பத்தியாளர் தரப்பு எஞ்சினியர் வந்தார். தலைப்பாகத்தை எடுத்துச் சென்று சோதித்து, வார்ப்பில் நுண்ணிய குறை என்று ஒப்புக்கொண்டு, எஞ்சின் முழுவதையும் கட்டணமின்றி மாற்றித் தந்தனர். 'கவனக்குறைவு' என்ற வாசகத்தைப் பிறகு யாரும் எடுக்கவில்லை. புதிய எஞ்சினுக்கு வாரண்டி எந்நாள்வரை என்பதையும் எழுதி வாங்கினோம். எஞ்சின் எண் மாறியபடியால், பதிவுச் சான்றிதழிலும் காப்பீட்டிலும் அதைத் திருத்தவேண்டியிருந்தது. இதை மறந்தால் பின்னால் விபத்து நேர்ந்தபோதோ வண்டியை விற்கும்போதோ தொல்லை.

இவ்வளவு நாளும் அவர் வங்கித் தவணையை நிறுத்தவில்லை. நிறுத்த நினைத்தவரை நாம்தான் தடுத்தோம். கடன் வங்கியோடு செய்த ஒப்பந்தம், வண்டி டீலரோடு செய்தது. ஒன்றின் குறையை மற்றொன்றில் கழித்துக்கொள்ள முடியாது.

சங்கத்தின் பெயரில் வேன் வாங்க எண்ணும் இயக்குநர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டத்தில் 'நபர்' என்ற சொல்லில் கூட்டுறவுச் சங்கமும் அடங்கும். ஆனால் வாணிப நோக்கத்துக்காக வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் இடமில்லை. சரக்கு ஏற்றும் வேனுக்கு எதிர்த்தரப்பு இந்த ஆட்சேபத்தை எழுப்பக்கூடும். நிறுவனம் தன் இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கார் வாணிப நோக்கம் ஆகாது என்று 2024-ல் தீர்ப்பாகியிருக்கிறது. சுயதொழிலால் ஜீவனம் நடத்துவதற்கென்றே தனி அங்கத்தினர் வாங்கும் வண்டிக்கும் தடை இல்லை. வேன் வாங்குவதற்கு முன்பே தீர்மானத்தில் அதன் உபயோகத்தைத் தெளிவாக எழுதிக்கொள்வது தக்கது; ஆணையம் மறுத்தால் 1930-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிவில் நீதிமன்றம் இருக்கவே இருக்கிறது.

நம் அங்கத்தினருக்கு இன்னும் மனக்குறை தீரவில்லை. வண்டி நின்ற 47 நாளும் மருத்துவமனைக்கு வாடகைக் கார் பிடித்த செலவை அவர்கள் தர மறுத்துவிட்டனர். வாடகை ரசீதுகளைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் அவர் மகன் இரண்டு ஆண்டுக் கெடு முடியும் நாளைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறான். ஆணையத்துக்குப் போவதா வேண்டாமா என்பதை ஆடிப் பதினெட்டு கழிந்து முடிவு செய்வதாகச் சொன்னார்.