இசைத்தட்டிலும் பாடபேதம்

ராக், பங்க், மெட்டல் ஆகிய இசைவகைகளின் பழைய ஆல்பங்களை வினைல் இசைத்தட்டுகளாக மீண்டும் வெளியிடுவது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்று பெரிய வணிகம். 1948இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய 12 அங்குல எல்.பி. தட்டு, சிடியின் வரவால் 1980களின் இறுதியில் வழக்கொழியும் நிலைக்குப் போயிற்று. ஆனால் 2022இல் அமெரிக்காவில் சுமார் 4.1 கோடி வினைல் தட்டுகளும் 3.3 கோடி சிடிகளும் விற்றன என்றும், எண்ணிக்கையில் வினைல் முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல்முறை என்றும் அந்நாட்டு இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் கணக்குக் காட்டியது. புதிய ஆல்பத்துக்கு மதிப்புரை எழுதுபவர் இசையின் தரத்தைச் சொன்னால் பெரும்பாலும் போதும். பல்லாண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் ஆல்பத்தின் மறுபதிப்புக்கு எழுதுபவரோ, அந்தத் தட்டு எந்த மூலத்திலிருந்து, யாரால், எவ்வளவு கவனத்தோடு உருவாக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறிக்கும் பதிப்பாசிரியரின் வேலையைப் போன்றது இது.

இதற்குத் தக்க சான்று இக்கி அண்ட் தி ஸ்டூஜஸ் குழுவின் 'ரா பவர்'. பங்க் இசைக்கு முன்னோடியாகக் கருதப்படும் இந்த ஆல்பம் 1973இல் வெளிவந்தபோது, குரல், கிட்டார், டிரம்ஸ் முதலியவற்றின் தனித்தனிப் பதிவுகளை உரிய அளவில் ஒன்றுசேர்க்கும் மிக்சிங் பணியைப் பாடகர் டேவிட் போவி மிகக் குறுகிய காலத்தில் செய்து முடித்தார். கருவிகள் பலவும் ஒரே தடத்தில் கலந்தே பதிவாகியிருந்ததால் தம்மால் அதிகம் செய்ய இயலவில்லை என்று அவர் பின்னாளில் விளக்கினார். பேஸும் டிரம்ஸும் மெலிந்தொலிக்க, குரலும் கிட்டாரும் முன்னே நிற்பது அந்தப் பாடத்தின் இயல்பு. 1997இல் பாடகர் இக்கி பாப் அதே பதிவுகளைத் தாமே மீண்டும் மிக்ஸ் செய்து, ஒலி சிதறும் எல்லைவரை உரப்பைக் கூட்டினார். இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருப்பதால், கையிலுள்ள தட்டு எந்தப் பாடத்தைக் கொண்டது என்று சொல்லாத மதிப்புரையால் வாங்குபவருக்குப் பயனில்லை.

பலரும் குழப்பிக்கொள்ளும் இன்னொரு வேறுபாடு மிக்சிங்குக்கும் மாஸ்டரிங்குக்கும் உள்ளது. மிக்ஸ் செய்து முடித்த பதிவின் ஒட்டுமொத்த ஒலியைச் சீர்செய்து தட்டுக்கு ஏற்றதாக்குவதே மாஸ்டரிங்; கலவையில் அமுங்கிப்போன கருவியை அதனால் மீட்டெடுக்க முடியாது. மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் 1988ஆம் ஆண்டு ஆல்பமான 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' இல் பேஸ் கிட்டார் ஏறக்குறையக் கேட்பதே இல்லை என்பது நெடுநாளைய குறை; 2018இல் வந்த மறுபதிப்பு மாஸ்டரிங் மட்டுமே புதிதாகச் செய்யப்பட்டது என்பதால் அக்குறை அப்படியே இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, மெகாடெத் குழுவின் 'ரஸ்ட் இன் பீஸ்' (1990) 2004இல் மறுபடியும் மிக்ஸ் செய்யப்பட்டபோது, காணாமற்போன சில குரல் பகுதிகளை அதன் பாடகர் டேவ் மஸ்டெயின் புதிதாகப் பாடிச் சேர்த்தார். ஆகவே அது பழைய ஆல்பமே என்று சொல்லிவிட இயலாது. மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' (2008) மற்றொரு பாடம் புகட்டியது: உரப்புக்காக மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் உள்ள இடைவெளியை மிக்சிங்கிலேயே நசுக்கிவிட்டால், அதே மூலத்திலிருந்து வினைலில் வெட்டினாலும் அந்த இடைவெளி திரும்பி வராது.

மூலம் நன்றாக இருந்தாலும், ஊசி ஓடி ஒலி எழுப்பும் தட்டின் பள்ளத்தை வெட்டுவது தனிக் கலை. எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற மாறாத வேகத்தில் சுழல்வதால், வெளி விளிம்பில் விநாடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. நீளப் பள்ளம் ஊசியைக் கடக்கும்போது, உள் விளிம்பில் 20 செ.மீ.க்குச் சற்றே மேற்பட்ட நீளமே கடக்கிறது. அதனால் பக்கத்தின் கடைசிப் பாடலில் 'ஸ்', 'ஷ்' ஒலிகளும் டிரம்ஸின் தாளத் தகடுகளும் கரகரக்கின்றன. உரத்த, பேஸ் மிகுந்த இசைக்கு அகலமான பள்ளம் தேவைப்படுவதால், ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 நிமிடம் என்ற அளவைத் தாண்டினால் ஒலியைக் குறைத்தே வெட்ட வேண்டியிருக்கும். 1969இல் 'லெட் செப்பலின் II' ஆல்பத்தை மாஸ்டரிங் பொறியாளர் பாப் லட்விக் மிகுந்த வீச்சோடு வெட்டியதில் மலிவான கருவிகளில் ஊசி துள்ளியது. அதனால் ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனம் அடக்கமாக வேறொரு முறை வெட்டச் செய்தது. பாடல் முடிந்தபின் வரும் வெற்று வளையத்தில் 'ஆர்.எல்.' என்ற அவருடைய முதலெழுத்துகள் பொறிக்கப்பட்ட அந்த முதல் வெட்டைத்தான் இன்று சேகரிப்போர் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர்.

அடுத்தது, வெட்டியதைக் கொண்டு தட்டுகளை வார்க்கும் அச்சுவார்ப்பு. நடுத்துளை சற்றே விலகியிருந்தால் சுருதி அலைபாயும். பள்ளத்தில் வினைல் முழுமையாக நிரம்பாவிட்டால் துணி கிழிவது போன்ற இரைச்சல் கேட்கும். விளம்பரங்கள் பெருமைப்படுத்தும் 180 கிராம் எடை, தட்டைக் கனமாக்குமேயன்றி ஒலியைத் தானாக உயர்த்திவிடாது. பழைய அச்சையும் புதிய அச்சையும் ஒப்பிடும் விமர்சகர் இரண்டின் ஒலியளவையும் முதலில் சமப்படுத்த வேண்டும். இல்லையெனில் உரத்து ஒலிப்பதையே மேலானது என்று காது எடுத்துக்கொள்ளும்.

காதை மட்டும் நம்புவதும் போதாது என்பதை 2022இல் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தைச் சூழ்ந்த சர்ச்சை காட்டியது. ஒலியை எண்களாக மாற்றாமல் முழுக்க அனலாக் முறையில் உருவானவை என்று வாங்குவோர் நம்பிய, விமர்சகர்களும் வெகுவாகப் பாராட்டிய அந்நிறுவனத்தின் மறுபதிப்புகள் பலவற்றில், இடையே ஒரு டிஜிட்டல் நிலை இருந்தது என்று அதன் பொறியாளர்களே ஒப்புக்கொண்டனர். அத்தட்டுகள் நன்றாகவே ஒலித்தன. மறைக்கப்பட்டது தயாரிப்பு முறை. ஆகவே விலை உயர்ந்த மறுபதிப்பை வாங்க நினைப்பவர், மூலம் எது, வெட்டியவர் யார், வார்த்த ஆலை எது என்ற மூன்றையும் அட்டையிலோ மதிப்புரையிலோ தேடிப் பார்க்க வேண்டும். மூன்றுமே சொல்லப்படவில்லையென்றால், பழைய அச்சு ஒன்று நல்ல நிலையில் கிடைக்கும்வரை காத்திருப்பதே மேல்.