கேக் மேல் எரியும் குட்டிப் புஸ்வாணம்

2023 டிசம்பர் 8. மகாராஷ்டிரத்தில், சிஞ்ச்வட்டை அடுத்த தளவடேயில் ஒரு பட்டறை தீப்பிடித்தது. ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களில் மேலும் சிலர் பிழைக்கவில்லை. பலியானவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலைக்கு வந்த பெண்கள். பிறந்தநாள் கேக்கில் செருகுகிறோமே, பொறி பறக்கும் மெழுகுவத்தி, அதைத்தான் அங்கே செய்துகொண்டிருந்தார்கள். பட்டறைக்கு உரிய அனுமதி இல்லை என்று அதிகாரிகள் பிறகு சொன்னார்கள்.

பேக்கரியில் கேக்கோடு சேர்த்துத் தரும் பொருளுக்கு இத்தனை உயிர்களா என்று பலர் திகைத்தார்கள். அது மெழுகுவத்தி இனமே இல்லை; பட்டாசு இனம். பட்டாசைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் அத்தனையும் அதற்கும் பொருந்தும்.

ஊதினால் ஏன் அணைவதில்லை?

சாதாரண மெழுகுவத்தி காற்றிலுள்ள ஆக்சிஜனை நம்பி எரிகிறது. பட்டாசு மருந்துக்கு அந்தத் தேவை குறைவு. எரியும் பொருளோடு ஆக்சிஜன் தரும் உப்பையும் சேர்த்தே இடிக்கிறார்கள். பழைய கருமருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இந்த வெடியுப்புதான் ஆக்சிஜனைத் தருகிறது. அதனால் மண்ணைப் போட்டு மூடினாலும் மருந்து உள்ளுக்குள் எரிந்து தீரும். எரிந்த மத்தாப்புக் கம்பியைத் தண்ணீர் வாளியில் போட்டுக் குளிரவைப்பதே சரி.

பொறி ஏன் சுடுவதில்லை?

கம்பி மத்தாப்பின் பொறி, காற்றில் எரியும் இரும்புத் துகள். கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு பொறியும் நுனியில் கிளை கிளையாகப் பிரியும். இரும்பிலுள்ள கரி வாயுவாகித் துகளைச் சிதறடிப்பதால் வரும் கோலம் அது. துகளின் சூடு 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆனால் அணுவளவு துகளில் இருக்கும் வெப்பம் சொற்பம் என்பதால் தோலில் சுருக்கென்று குத்துவதோடு போய்விடும். கம்பி அப்படியல்ல, வெளிச்சம் போன பிறகும் அது சதையைப் பொசுக்கும். குழந்தைகள் வெறுங்காலோடு மிதிப்பதும் அதைத்தான்.

வண்ணம் எங்கிருந்து வருகிறது?

உலோக உப்புகளிலிருந்து. ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை, சோடியம் மஞ்சள், தாமிரம் நீலம். அலுமினியப் பொடி வெள்ளையாகப் பளீரிடும். பேரியம் உப்பு உடலுக்குக் கேடு என்பதால் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைப் பட்டாசில் சேர்க்கக் கூடாதென்று தடை விதித்தது.

வீட்டுக்குள் ஏற்றலாமா?

கூடாது. 2013 ஜனவரியில் பிரேசிலின் சான்டா மரியா நகரில், இசை நிகழ்ச்சி மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி கூரையிலிருந்த நுரைப்பஞ்சில் பட்டு 242 பேர் இறந்தார்கள். நம் வீட்டு விழாவிலும் தெர்மாகோல், ஜரிகைத் தோரணம், நைலான் திரை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

செய்பவர்களுக்கு என்ன ஆபத்து?

வாங்குபவர் கையில் இருப்பது ஒரு சிட்டிகை மருந்து. செய்பவரைச் சுற்றி இருப்பது கிலோக்கணக்கில். அது பற்றிக்கொள்ள உராய்வு போதும், நைலான் சேலையில் எழும் நிலைமின்சாரமும் போதும். இதனால்தான் சிவகாசி ஆலைகளில் பருத்தி உடை, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, அறைக்கு அறை இடைவெளி என்று கட்டுப்பாடுகள் வந்தன. பெரிய ஆலைகளின் உரிமத்தை அங்கே ‘நாக்பூர் லைசென்ஸ்’ என்பார்கள். காரணம், அதைத் தரும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. விதி இருந்தும் மீறப்பட்டதால் 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த விபத்தில் 30 பேருக்கு மேல் மாண்டார்கள். தளவடேயிலோ உரிய அனுமதியே இல்லை.

அலங்காரப் பொருள் என்ற பெயரில் பட்டாசு மருந்து பட்டறைக்குள் நுழைந்தால், தீயில் நிற்பது தினக்கூலிப் பெண்கள். மருந்து எதில் இருந்தாலும் பட்டாசுச் சட்டம் அங்கே முழுமையாக நடக்க வேண்டும். சோதனைக்கு அதிகாரி போக வேண்டும். நம் பங்கும் உண்டு. செய்தவர் பெயரும் எச்சரிக்கையும் இல்லாத பாக்கெட்டை பேக்கரிக்காரர் நீட்டினால், வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் அப்படியொரு பட்டறை நடத்தவும் ஆள் வரமாட்டார்கள்.