கோபுரமும் ரங்கநாதன் தெருவும்

ஆடி மாதத்தில் மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் போயிருக்கிறீர்களா? சந்துக்குச் சந்து பந்தல், வேப்பிலைத் தோரணம், கூழ் அண்டா, கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர். போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே ஒரு பந்தலில் கையில் சொம்போடு வரிசையில் நின்றிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகளும் கூட இருந்தாள்.

எல்.ஆர். ஈஸ்வரி பாடிய பழைய அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்து, புதுப் படத்துப் பாட்டு ஒன்று தொடங்கியதும் வரிசையில் நின்றவர்கள் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார்கள். இடுப்பிலிருந்த குழந்தை ஒன்று வீறிட்டது. பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மைக்செட்காரர் எட்டி ஆம்ப்ளிஃபயரில் ஒரு குமிழைக் குறைத்தார். அடுத்து வந்ததும் பழைய பாட்டு. இப்போது வாயசைவுதான் மிச்சம் என்பதுபோல் தேய்ந்து கேட்டது. மறுபடியும் குமிழை ஏற்றினார்.

"ஒவ்வொரு பாட்டுக்கும் இப்படித் திருப்பணுமா அண்ணா?" என்று கேட்டாள் இவள்.

"பின்ன? பாட்டுக்குப் பாட்டு சவுண்டு மாறுதே பாப்பா. கேசட் காலத்துலேர்ந்து எனக்கு இதான் வேலை."

அவள் அதோடு விடவில்லை. காரணம், அதே தொல்லை அவளுக்கும் இருந்தது. அடையாறில் கல்லூரியில் படிக்கும் அவளுடைய மாமா பையன், கோடை விடுமுறையில் தன் டிஜே கன்ட்ரோலரை இவளுக்குக் கொடுத்திருந்தான். ஒரு பாட்டின் தாளத்தோடு அடுத்த பாட்டின் தாளத்தை ஒட்டவைக்க நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டாள். ஆனாலும் பாட்டு மாறும் இடத்தில் வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். "மீட்டர்ல ரெண்டு பாட்டும் ஒரே உயரத்துக்குத்தான் போகுது சித்தப்பா. காதுக்கு மட்டும் ஏன் ஒண்ணு அடிக்குது, ஒண்ணு முனகுது?"

நல்ல கேள்வி. வீட்டுக்குப் போகும் வழியில், கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் உட்கார்ந்து யோசித்தோம். பதில் எங்கள் எதிரிலேயே நின்றது.

கபாலீசுவரர் கோயிலின் ராஜகோபுரம் சுமார் 37 மீட்டர் உயரம். ஆனால் அதைச் சுற்றி என்ன இருக்கிறது? குளம், திறந்த வானம், மாடவீதியின் தாழ்வான பழைய வீடுகள் சில. இப்போது தி. நகர் ரங்கநாதன் தெருவுக்கு மனதால் போங்கள். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலை வரை இரண்டு பக்கமும் கடைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். அந்தக் கட்டடங்கள் அத்தனையையும் கற்பனையில் கோபுரத்தின் உயரத்துக்கு உயர்த்திவிடுங்கள். இரண்டு இடத்திலும் ஆக உயரமான புள்ளியை அளந்தால் ஒரே எண்தான் வரும்: 37 மீட்டர். ஆனால் எந்த இடத்தில் மூச்சு முட்டும்?

பழைய பாட்டு மயிலாப்பூர் மாதிரி. எப்போதாவது ஒரு தவில் அடியோ டோலக் அடியோ கோபுரம்போல் எழும்பும். மற்ற நேரம் ஒலி தாழ்வாக, காற்றோட்டமாக இருக்கும். இன்றைய பாட்டு பெரும்பாலும் ரங்கநாதன் தெரு. ஒவ்வொரு நொடியும் உச்சத்தை உரசிக்கொண்டு நிற்கும். இவளுடைய மீட்டர் ஆக உயரமான புள்ளியை மட்டும் காட்டியது. காது அப்படி அளப்பதில்லை. கொஞ்ச நேரம் வந்துசேரும் ஒலியின் சக்தியைக் கூட்டிச் சராசரி பார்த்துத்தான் 'சத்தம்' என்று தீர்மானிக்கிறது. உங்கள் பாடப்புத்தகம் இதை உரப்பு என்கிறது.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒலி என்பது காற்றின் அதிர்வு. அதிர்வின் அளவு வீச்சு. பழைய பாட்டில் எட்டு இடத்தில் வீச்சை அளந்தோம், இப்படி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 2, 3, 2, 10, 2, 3, 2, 2. புதுப் பாட்டில்: 8, 9, 10, 9, 8, 10, 9, 9. இரண்டிலும் உச்சம் 10தான். ஒலியின் சக்தி வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒவ்வோர் எண்ணையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டி எட்டால் வகுங்கள். முதல் பாட்டுக்கு 17.25 வரும். இரண்டாவதற்கு 81.5. ஏறக்குறைய ஐந்து மடங்கு! மீட்டர் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ஐந்து மடங்கு சக்தி என்றால் காதுக்கு ஐந்து மடங்கு சத்தமா? இல்லை, இங்கேதான் காது அற்புதமான வேலை செய்கிறது. கொசுவின் ரீங்காரம், இடி முழக்கம் இரண்டையும் ஒரே காதால் கேட்டாக வேண்டும். அவற்றின் சக்திகளுக்கு இடையே கோடிக்கணக்கான மடங்கு வித்தியாசம். அதனால் காது மடங்குகளை நெருக்கிச் சுருக்கிக்கொள்கிறது. அதற்குப் பொருத்தமான அளவுகோல் டெசிபல். தொலைபேசிக்குப் பேர்போன அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரிலிருந்து வந்த சொல். சக்தி இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல். 10 டெசிபல் கூடினால்தான் பெரும்பாலானோர் "இரண்டு மடங்கு சத்தம்" என்று சொல்வார்கள். நம் இரு பாட்டுகளின் வித்தியாசம் 7 டெசிபலுக்குச் சற்றுக் குறைவு. காதுக்கு அது ஒன்றரை மடங்குக்கும் மேல். கைக்குழந்தை அழுததில் நியாயம் இருக்கிறது.

"அப்போ பழைய பாட்டை ஏத்திட்டா சரியாப் போச்சு" என்றாள். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஏற்றித்தான் பாருங்களேன். பழைய பாட்டின் எண்களை எல்லாம் 2.2 மடங்காக்கினால் உரப்பு சமமாகிவிடும். ஆனால் அந்த ஒற்றைக் கோபுரம், 10 என்ற எண், 22 ஆகிவிடும். டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாகப் பதிகிறார்கள். அந்த எண் 32,767க்கு மேல் போகவே முடியாது. அதைத் தாண்டும் அலை என்ன ஆகும்? அரிசிக் கடையில் படியை நிரப்பி, மேலே குவிந்ததைக் கையால் வழித்துத் தலைதட்டுவார்கள் இல்லையா, அதே கதிதான். வளைந்து ஏற வேண்டிய அலையின் தலை தட்டையாகிவிடும். அப்படி வெட்டுப்பட்ட விளிம்புகளில், பாட்டில் இல்லாத புதுப்புது அதிர்வெண்கள் பிறக்கின்றன. கரகரப்பாக நம் காதில் விழுவது அவைதான். கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிவது, 'இங்கே தலை தட்டுகிறது' என்பதற்கான எச்சரிக்கை.

ஆகவே வழி ஒன்றே. குறைவாக ஒலிப்பதைத் தொடாமல், அதிகமாக ஒலிப்பதை இறக்க வேண்டும். புதுப் பாட்டை 7 டெசிபல் குறைத்தால் இரண்டும் சமம். எதன் தலையும் தட்டுப்படாது. மொத்தமும் மெதுவாகக் கேட்கிறது என்றால் கடைசியில் ஸ்பீக்கரின் குமிழைக் கூட்டிக்கொள்ளலாம்.

புதுப் பாட்டுகள் ஏன் இப்படி ஆயின? இசைத்தட்டுக் காலத்தில் சத்தம் இடத்தை அடைத்துக்கொண்டது. தட்டில் ஒலி என்பது ஊசி ஓடும் பள்ளத்தின் நெளிவு. சத்தம் கூடினால் நெளிவு அகலமாகும். அகலமானால் தட்டில் குறைந்த நேரப் பாட்டுதான் அடங்கும். ஆகவே பதிவுசெய்தவர்கள் அளந்து வைத்தார்கள். 1982இல் சிடி வந்ததும் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. உச்சங்களை மட்டும் அமுக்கும் கம்ப்ரசர், லிமிட்டர் என்ற கருவிகளும் கணினிக்குள் வந்தன. கோபுரத்தை அமுக்கிவிட்டு ஊரையே கூரை வரை தூக்கலாம். பக்கத்துப் பாட்டைவிட என் பாட்டு கொஞ்சம் சத்தமாகக் கேட்கட்டும் என்று உலகம் முழுக்க ஒரு போட்டி நடந்தது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில், பின்னால் தம்பூரா மட்டும் கேட்கும் அந்தச் சின்ன வெளி எவ்வளவு அழகு! எல்லாவற்றையும் மேலே தூக்கினால் முதலில் காணாமல் போவது அதுதான்.

டிஜே என்பதன் விரிவான டிஸ்க் ஜாக்கி என்ற பெயரே வானொலியில் பிறந்தது தெரியுமா? நம் ஊரிலும் தட்டுக்குப் பின் தட்டாக ஒலியைச் சமன் செய்து போட்டவர்களில் முன்னோடிகள் வானொலிக்காரர்களே. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16இல் தொடங்கியது. இப்போது காமராசர் சாலையில், கடற்கரைக்கு எதிரே இருக்கிறது. அடுத்த ஆண்டே, 1939இல், அமெரிக்க வானொலி நிறுவனங்களும் பெல் ஆய்வுக்கூடமும் சேர்ந்து வி.யூ. மீட்டர் என்ற முள் மீட்டருக்கு அளவு வகுத்தன. அதன் முள்ளை வேண்டுமென்றே மந்தமாக வைத்தார்கள். ஒலி வந்ததும் துள்ளாது. உரிய இடத்துக்கு ஏறிச்சேர 0.3 நொடி எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு டோலக் அடி அதை ஏமாற்ற முடியாது. தொடர்ந்து வரும் ஒலிக்குத்தான் முழுதாக அசையும். காது செய்வதற்கு அருகில் அது வந்துவிட்டது!

ஆனால் சராசரி மட்டும் போதாது. காதுக்கு எல்லாச் சுருதியும் ஒன்றல்ல. 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் மனிதர்களுக்கு வெவ்வேறு அதிர்வெண்களைக் கேட்கவைத்து அளந்தார்கள். ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை நம் காது மிகக் கூர்மை. ஆழமான பேஸ் ஒலிக்கு மந்தம், அதுவும் ஒலி மெதுவாக இருக்கும்போது இன்னும் மந்தம். ஆடி மாதக் குழாய் ஸ்பீக்கர் மூன்று தெரு தாண்டிக் கேட்பதன் ரகசியத்தில் பாதி இதில் இருக்கிறது. அது பேஸை அநேகமாகக் கைவிட்டுவிட்டுக் குரல் பகுதியைக் குறிவைத்து வீசுகிறது. இந்தக் காதுப் பாடத்தையும் சேர்த்துக் கணக்கிடும் உரப்பு அளவை 2006இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்டது. பாட்டுச் செயலிகள் பல உங்கள் போனில் பாட்டுகளைச் சமன் செய்வது அந்த அளவை வைத்துத்தான்.

அன்று மாலை மந்தைவெளி வீட்டில் அவள் மறுபடி உட்கார்ந்தாள். ஒரு பாட்டு ஸ்பீக்கரில் ஓடியது. அடுத்தது ஹெட்போனில் மட்டும். முன்பெல்லாம் அடுத்த பாட்டின் தொடக்கத்தைக் கேட்டு, அதன் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழை வைப்பாள். தொடக்கத்தில் பெரும்பாலும் ஒற்றை வீணையோ கிடாரோதான் இருக்கும். அதை நம்பி ஏற்றிவைத்தால் பல்லவியில் பாட்டு பாய்ந்துவிடும். இந்த முறை எல்லா வாத்தியமும் சேரும் இடத்துக்குத் தாவி, அங்கே வைத்து ஒப்பிட்டாள். இரண்டு பாட்டும் சேர்ந்து ஓடும் சில நொடிகளில் இன்னொரு சிக்கல் வந்தது. சம உரப்புள்ள இரண்டு பாட்டுகள் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். பேஸ் அடிகள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழுந்தால் 6 வரை கூடலாம். உள்ளே வரும் பாட்டின் பேஸை முதலில் குறைத்துவைத்து, பழையது வெளியே போகும்போது ஏற்றினாள். சிவப்பு விளக்கு எரியவில்லை.

ஒரு இடத்தில் நான் குறுக்கிட்டேன். ஒவ்வொரு மாற்றத்திலும் அடுத்த பாட்டை ஒரு நூலளவு கூட்டிக்கொண்டே போனாள். "இப்படித்தான் நல்லா இருக்கு" என்றாள். ஒரே பாட்டை இரண்டு முறை போட்டு, ஒன்றைத் துளி சத்தமாக வைத்தால் பெரும்பாலானோர் அதைத்தான் நல்லது என்பார்கள். அதோடு நெடுநேரம் சத்தம் கேட்ட காது தற்காலிகமாக மந்தமாகிவிடும். உடனே கை குமிழை ஏற்றப் பார்க்கும். ஹெட்போன் போடும் எல்லோருக்கும் இது பொருந்தும். சிறுவர்களுக்கு வாரத்துக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 84க்குப் போனால் வாரம் முழுவதற்கும் 5 மணி நேரம்தான்.

அடுத்த ஞாயிறு, பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றோடு பந்தலுக்குப் போனாள். பாட்டின் பெயர், எதிரே ஒரு எண். புதுப் பாட்டுகளுக்கு −7, −5, −6. ஈஸ்வரியம்மா பாட்டுகள் எல்லாவற்றுக்கும் பூஜ்ஜியம். மைக்செட்காரர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரை அவள் பக்கம் திருப்பினார். குமிழைச் சுற்றி நகப்பூச்சால் வைத்த சிவப்புப் புள்ளிகள் மூன்று. "இது மைக்கு, இது கேசட்டு, இது போனு" என்று விரல் வைத்துக் காட்டினார். போனுக்கான புள்ளிதான் ஆகக் கீழே இருந்தது.