வள்ளியம்மாவின் பேராண்டி

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதனிடப்படும் தோல், பாதரட்சையாகிக் கப்பலேறி ஐரோப்பிய நகரங்களின் வீதிகளில் நடக்கிறது. அதன்மேல் கம்பெனியின் பெயர் இருக்கும். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்தவர் பெயரோ, தைத்துக் கொடுத்த பெண்ணின் பெயரோ இராது. உழைப்பவர் ஒருவர், பெயர் பெறுபவர் மற்றொருவர் என்பது நம் தேசத்தில் பழைய கதை. ஸங்கீத உலகிலும் இக்கதை உண்டு.

பழைய வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்த அரக்கோணத்துக்காரர் பாடகர் அறிவு. டைரக்டர் பா. ரஞ்சித்தின் முயற்சியால் உருவாகி 2018-இல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடிப் புகழ் பெற்றார். பறையும் கானாவும், 'ராப்' என்னும் அமெரிக்கப் பேச்சுப் பாட்டும் அங்கே கைகோத்தன. 2019-இல் 'தெருக்குறள்' என்ற இசைத் தொகுதி வெளியாயிற்று.

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டு கடல் கடந்து ஒலித்தது. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் அதைத் தயாரித்தார். ஆனால் 2022 ஜூலையில், சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் துவக்க விழாவில், அறிவு மேடையில் இல்லாமலே அப்பாட்டு அரங்கேறியது. பாட்டை ஆக்கியது தாமே என்றார் அறிவு. அது கூட்டு முயற்சி, மூவருக்கும் சம உரிமை உண்டு என்றார் சந்தோஷ் நாராயணன். தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. எனினும், கூட்டுப் புகழில் ஒரு கலைஞனின் பங்கு எது என்ற கேள்வி நியாயமானதே.

அமெரிக்காவிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. நீக்ரோ மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த 'ஸோல்' ஸங்கீதத்தில் பெயர் பெற்றவர், கண் பார்வையற்ற ஸ்டீவி வொண்டர். பதினோராம் வயதிலேயே மோட்டவுன் கம்பெனியில் சேர்ந்த அவர், 1971-இல் இருபத்தொரு வயது நிரம்பியதும், தம் பாட்டைத் தாமே நிர்ணயிக்கும் உரிமையைக் கேட்டுப் பெற்றார். 1972-இல் வந்த 'மியூஸிக் ஆஃப் மை மைண்ட்' தொகுதியில் பெரும்பாலான வாத்தியங்களை அவரே வாசித்தார். பின்னர் வந்த பெரும் படைப்புக்களுக்கு அதுவே வாசற்படி.

அறிவின் வாசற்படி 2024-இல் வந்த 'வள்ளியம்மா பேராண்டி' முதல் தொகுதி. வள்ளியம்மா அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். சினிமாவின் தயவை நாடாமல், தம் குலத்தின் கதையைத் தாமே சொல்ல முற்பட்டார் பேரன். ஒரு பாட்டால் வந்த புகழோடு அவர் நின்றுவிடவில்லை என்பதே நமக்கு மகிழ்ச்சி.

வள்ளியம்மா கிள்ளிய தேயிலையை உலகம் பருகியது. அந்தப் பெட்டியில் அவர் பெயர் இல்லை. பேரனின் இசைத் தொகுதியிலோ அதுவே முதலில் நிற்கிறது. கலையில் சுயராஜ்யம் என்பது இதுதான்.